சரண்டரா, சேமிப்பா: ஈட்டிய விடுப்பை என்ன செய்வது

எடுக்காத விடுப்பு நாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதுதான் ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு, பேச்சுவழக்கில் சரண்டர். 2020 ஏப்ரல் 27 முதல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அது 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் வந்துவிட்டது. தமிழக அரசு ஊழியரும் ஆசிரியரும் ஆண்டுக்கு 15 நாள் வரை சரண்டர் செய்து அரை மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கலாம். பணியில் சேர்ந்த மாதத்தைப் பார்த்துக் காலாண்டு வாரியாகத் தேதி பிரித்திருப்பதால் ஒரே அலுவலகத்தில் ஒருவருக்கு முந்தியும் இன்னொருவருக்குப் பிந்தியும் முறை வரும். முறை வந்ததும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பாதிப் பேர் யோசிக்காமல் விண்ணப்பம் போடுகிறார்கள். மீதிப் பேர், "ரிட்டயர்மெண்டுக்கு 240 நாள் வேணும்" என்று யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கூட்டமும் கணக்குப் போடுவதில்லை. நடப்பு வட்டி, தவணை வட்டி என்று பிரித்துப் பேரேடு எழுதிய செட்டிநாட்டுச் சீமையில் இது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

விடுப்புக் கணக்கையும் பேரேடு மாதிரியே பார்க்கலாம். அலுவலகப் பணியாளருக்கு ஜனவரி 1 அன்று 15 நாள், ஜூலை 1 அன்று 15 நாள், ஆக ஆண்டுக்கு 30 நாள் வரவு. கோடை விடுமுறை உள்ள பள்ளி ஆசிரியருக்கு 17 நாள்தான். பற்று இரண்டு வழியில் போகும்: நீங்கள் எடுக்கும் விடுப்பு, நீங்கள் செய்யும் சரண்டர். இருப்புக்கு உச்சவரம்பு 240 நாள். ஓய்வு பெறும் நாளில் கணக்கில் எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனை நாளுக்கும் அன்றைய சம்பள விகிதத்தில் பணம் வரும். 240 நாள் என்றால் எட்டு மாதச் சம்பளம். அடிப்படை ஊதியம் 80,000, அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 1,26,400. எட்டு மாதத்துக்கு 10,11,200 ரூபாய். (வீட்டு வாடகைப்படி முதலியவற்றை இந்தக் கட்டுரையின் சரண்டர் கணக்குகளில் சேர்க்கவில்லை.)

ஆகவே கேள்வி இதுதான்: இன்றைய விலைக்கு விற்பதா, ஓய்வு நாளின் விலைக்கு விற்பதா?

பிடித்து வைத்த நாளுக்கு என்ன வட்டி?

சரண்டர் செய்யாமல் வைத்த ஒரு நாள் சும்மா கிடப்பதில்லை. அதன் விலை உங்கள் சம்பளத்தோடு ஏறுகிறது. ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம் உறுதி. அதற்கு மேல் அகவிலைப்படி. இப்போதைய ஊதிய அட்டவணையில் 2016 ஜனவரியில் பூஜ்யத்தில் தொடங்கிய அகவிலைப்படி 2025 ஜூலைக்கு 58 சதவீதம் ஆகியிருக்கிறது. ஒன்பதரை ஆண்டில் 100 ரூபாய் 158 ஆனது என்றால் கூட்டு வட்டியாக ஆண்டுக்குச் சுமார் 4.9 சதவீதம். ஊதிய உயர்வையும் சேர்த்தால் 8 சதவீதம் வருகிறது. ஆனால் அண்மைய வேகம் குறைவு: 2025ல் கிடைத்தவை 2ம் 3ம்தான். அந்த வேகமே நீடித்தால் மொத்தம் 6.4 சதவீதம். பதவி உயர்வும், ஒரே பதவியில் நெடுநாள் இருப்பவருக்கு வரும் தேர்வு நிலை, சிறப்பு நிலை ஊதியமும் இதில் சேராத உபரி வரவு.

எனவே, பிடித்து வைத்த நாளுக்கு 6.4 முதல் 8 வரை வட்டி என்று கொள்ளலாம். அரசு ஊழியரின் வருங்கால வைப்பு நிதிக்கும் (ஜி.பி.எஃப்.) யாரும் போடக்கூடிய பி.பி.எஃப்.புக்கும் 2020 ஏப்ரல் முதல் 7.1. கிட்டத்தட்ட ஒரே மட்டம்.

எண்ணாகவே பார்ப்போம். அடிப்படை 40,000, அகவிலைப்படி 23,200, ஆக 63,200. 15 நாள் சரண்டர் 31,600 ரூபாய். ஓய்வுக்கு 15 ஆண்டு இருக்கிறது. இந்தப் பணத்தை வாங்கி அப்படியே 7.1 சதவீதத்தில் போட்டுத் தொடாமல் வைத்தால் 88,400 ஆகும். வாங்காமல் விட்டால் அதே 15 நாளுக்கு ஓய்வு நாளில் 80,000 முதல் 1 லட்சம் வரை கிடைக்கும். லாப நட்டம் பெரிதாக இல்லை. ஆனால் "அப்படியே போட்டுத் தொடாமல் வைத்தால்" என்ற நிபந்தனையை எத்தனை பேர் காப்பாற்றுவார்கள்? ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், ஆடியில் ஒரு சீர், மழைக்கு முன் ஓடு மாற்றும் கூலி என்று சரண்டர் பணம் வந்த வேகத்தில் கரையும். வைப்புத் தொகைக்காகச் சரண்டர் செய்கிறேன் என்பவரை நாங்கள் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த நோக்கத்துக்கு விடுப்புக் கணக்கே நல்ல உண்டியல், உடைக்க முடியாது.

கடன் இருந்தால் கதை வேறு. நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கிய கைமாற்று இருக்கிறதென்றால் அது ஆண்டுக்கு 24 சதவீதம். 31,600ஐ அதில் அடைத்தால் ஓர் ஆண்டில் மட்டும் 7,584 ரூபாய் வட்டி மிச்சம். எட்டு சதவீதம் வளரும் நாளை வைத்துக்கொண்டு இருபத்து நாலு சதவீதம் கட்டுவது வீட்டு நெல்லை விற்காமல் கடைக்கு அரிசிக் கடன் சொல்வது போல. கிரெடிட் கார்டு நிலுவை, தனிநபர் கடன், தனியார் ஃபைனான்ஸ் எல்லாம் இந்தப் பக்கம். வங்கி நகைக்கடன் எல்லைக்கோட்டில் நிற்கிறது. வட்டி 9 சதவீதம் போலத்தான் இருக்கும், ஆனால் ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போகும் நகை என்றால் சரண்டர் போட்டு மீட்பதே மேல். ஏல அறிவிப்பு வரும்வரை கிடந்த நகைகளின் கதை எல்லா ஊரிலும் உண்டு. வீட்டுக் கடனுக்காகச் சரண்டர் செய்ய வேண்டியதில்லை.

முதலில் செய்ய வேண்டிய கணக்கு

வட்டிக்கும் முன்னால் ஒரு கூட்டல் கழித்தல் இருக்கிறது. பலருக்கு அதிலேயே முடிவு வந்துவிடும். உங்கள் இன்றைய இருப்பு எத்தனை நாள்? ஓய்வுக்கு எத்தனை ஆண்டு? ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை நாள் ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) எடுப்பீர்கள்? ஆண்டு வரவிலிருந்து எடுப்பதைக் கழித்து, மீதியை எஞ்சிய ஆண்டுகளால் பெருக்கி, இருப்போடு கூட்டுங்கள். 240க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் உபரி. உபரி நாளுக்கு எதிர்காலமே கிடையாது. விற்காவிட்டால் அல்லது எடுக்காவிட்டால் காலாவதி.

காரைக்குடி வட்டாட்சியர் அலுவலகத்தில் 45 வயது உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 100 நாள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர். அந்த வகையில் ஆண்டுக்கு 6 நாள் ஈ.எல். போகிறது. மீதி 24. பதினைந்து ஆண்டுக்கு 360, இருப்போடு 460. உபரி 220 நாள். இவர் ஆண்டு தவறாமல் 15 நாள் சரண்டர் செய்தாலும் ஓய்வு நாளில் 235 நாள் கையில் நிற்கும். அதாவது இவருக்கு "சரண்டரா, சேமிப்பா" என்ற கேள்வியே இல்லை, இரண்டும் உண்டு. 240ஐக் காப்பாற்றுகிறேன் என்று இவர் சரண்டர் செய்யாமல் இருந்தால் ஆறாவது ஆண்டு முடிவதற்குள் வரம்பைத் தொட்டுவிடுவார். அதன்பின் ஒப்படைக்காமல் விடும் ஒவ்வோர் ஆண்டும் அரை மாதச் சம்பளம் நட்டம்.

அதே 45 வயதில் பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ ஓர் ஆசிரியர். இருப்பு 80, வரவு ஆண்டுக்கு 17, எடுப்பது 2. பதினைந்து ஆண்டில் 225 சேரும், மொத்தம் 305. உபரி 65 நாள். எஞ்சிய பணிக்காலத்தில் நாலு முறை சரண்டர் செய்யலாம், அவ்வளவுதான். ஐந்தாவது முறையிலிருந்து ஒவ்வொன்றும் ஓய்வுக்காலத் தொகையிலிருந்து வெட்டி எடுப்பது. ஆண்டுதோறும் சரண்டர் செய்யும் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 2 நாள்தான் மிஞ்சும். அதையும் எடுத்துவிட்டால் 60 வயதில் இன்றைய 80 நாளோடுதான் வெளியே வருவார். பக்கத்து அலுவலகக்காரர் செய்கிறார் என்று ஆசிரியர் செய்யக் கூடாத காரியம் இது. அந்த நாலு முறையை எப்போது பயன்படுத்துவது? அவசரக் கடன் வந்தால் அன்று. வராவிட்டால் 240ஐ நெருங்கும் கடைசி ஆண்டுகளில், சம்பளம் உயர்ந்திருக்கும்போது.

ஏற்கெனவே 240ல் நிற்பவர்கள் இப்போது நிறைய. சரண்டர் நின்றிருந்த ஐந்தரை ஆண்டில் மட்டும் அலுவலகப் பணியாளருக்கு 165 நாள் வரவாகியிருக்கிறது. இவர்கள் சரண்டர் செய்யத் தயங்கவே கூடாது. அதோடு நிற்கவும் கூடாது: வரவு 30, சரண்டர் 15, மீதி 15 நாள் எங்கே போகும்? விடுப்பாக எடுத்தால்தான் உண்டு. எடுக்காவிட்டால் ஆண்டுக்கு அரை மாதம் அரசுக்கு அன்பளிப்பு.

வருமான வரி என்னும் குழி

இந்த இடத்தில்தான் நல்ல கணக்குப்பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். ஓய்வு பெறும்போது வரும் விடுப்புத் தொகைக்கு அரசு ஊழியருக்கு முழு வரிவிலக்கு. பணியில் இருக்கும்போது வாங்கும் சரண்டருக்கு விலக்கே இல்லை. அந்த ஆண்டுச் சம்பளத்தோடு சேரும்.

2025–26 முதல் புதிய வரிமுறையில், சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 75,000 போக 12 லட்சம் வரை வரி இல்லை. அதாவது ஆண்டு மொத்தச் சம்பளம் 12,75,000 வரை கவலை இல்லை. சரண்டரையும் சேர்த்து அதற்குள் அடங்கினால் வரியை மறந்துவிடலாம். இளநிலை உதவியாளர், உதவியாளர், பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகாத ஆசிரியர் ஆகியோரில் பெரும்பாலோர் இந்த வகை.

12,75,000ஐத் தொட்டு நிற்பவர் கதை பரிதாபம். மொத்தச் சம்பளம் சரியாக 12,75,000, சரண்டர் 52,000 என்று கொள்வோம். வரிக்குரிய வருமானம் 12,52,000. அட்டவணைப்படி வரி 67,800. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் வந்த தொகையைவிட வரி கூடக் கூடாது என்ற விளிம்புச் சலுகையால் 52,000 ஆகக் குறையும். அதன் மேல் 4 சதவீத செஸ் 2,080. கட்ட வேண்டியது 54,080. வாங்கியதோ 52,000. பதினைந்து நாள் விடுப்பையும் கொடுத்து, கையிலிருந்து 2,080 ரூபாயும் கொடுத்தாயிற்று. இந்த ஆபத்து வட்டாரம் மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 12,75,000 முதல் 13,46,000 வரை. 58 சதவீத அகவிலைப்படியில் அடிப்படை ஊதியம் 66,000 முதல் 70,000 வரை உள்ளவர்கள் இதில் விழுவார்கள். மூத்த பட்டதாரி ஆசிரியர், கண்காணிப்பாளர், துணை வட்டாட்சியர் எல்லாம் ஒரு கட்டத்தில் இந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஓரிரு ஆண்டுகளுக்குச் சரண்டரை விட்டுப் பிடிப்பது உத்தமம்; இருப்பு 240ல் முட்டி நின்றால் பணமாக்காமல் விடுப்பாக எடுங்கள்.

அதற்கும் மேலே, 18 லட்சம் வாங்கும் அலுவலருக்கு 20 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து 20.8 போகும். 50,000 சரண்டரில் கைக்கு வருவது 39,600. ஓய்வு நாளில் வரியே இல்லாமல் கிடைக்கும் நாளை ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடிக்கு விற்பதாகிறது. உபரி நாள் என்றால் விற்கலாம், 20.8 போனாலும் மீதி வரவுதான். உபரி இல்லாத அலுவலர் விற்கக் கூடாது.

அகவிலைப்படி நிலுவை, ஊதிய நிர்ணய நிலுவை என்று பெருந்தொகை வரும் நிதியாண்டிலும் சரண்டரைச் சேர்க்காதீர்கள். மார்ச்சில் போட நினைத்ததை ஏப்ரலுக்குத் தள்ளினால் பல நேரம் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்த சரண்டருக்கு ஓராண்டு இடைவெளி என்பதால் அதுவும் தள்ளிப்போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வழி: எடுத்துவிடுவது

விடுப்பை விடுப்பாகவே எடுப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈ.எல். எடுத்த நாளுக்கும் முழுச் சம்பளம் உண்டு. எனவே எடுத்த நாள் வீணான நாள் இல்லை. வீணாவது தவறான விடுப்பை எடுப்பதில்தான்.

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். டிசம்பர் 31க்குப் பிறகு மிஞ்சியது போய்விடும். அது இருக்கும்போது ஈ.எல். போடுவது காலாவதியாகாத காசைச் செலவழித்துவிட்டு, காலாவதியாகும் காசைப் பெட்டியில் வைப்பது. உடல்நலக் குறைவுக்கு ஈ.எல். போடுவது இன்னும் பெரிய தவறு. மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பு தனிக் கணக்கு, அதற்கும் முழுச் சம்பளம். பணிக்காலத்தைப் பொறுத்து 90 நாளில் தொடங்கி, 20 ஆண்டு தாண்டியவருக்கு மொத்தம் 540 நாள் வரை உண்டு. அறுவை சிகிச்சைக்கு 40 நாள் ஈ.எல். போட்டுவிட்டு ஓய்வு நாளில் 200 நாளுக்குப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு. சான்று வாங்கும் சிரமத்துக்கு அவர்கள் கொடுத்த விலை ஒன்றேகால் மாதச் சம்பளத்துக்கு மேல்.

ஈ.எல். எடுக்கும்போது முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறை முன் இணைப்பு, பின் இணைப்பு என்று எழுதிக் கேளுங்கள், அவை கழியாது. நடுவில் மாட்டும் ஞாயிறும் அரசு விடுமுறையும் கழியும். ஆகவே திங்கள் தொடங்கி வெள்ளியில் முடித்தால் ஐந்து நாள் செலவில் ஒன்பது நாள். புதன் தொடங்கி அடுத்த வாரப் புதன் வரை எடுத்தால் எட்டு நாள் செலவு, கிடைப்பதும் எட்டு நாள்தான்.

நிறுத்தி வைத்துவிடுவார்களோ என்ற பயம்

2020ல் திடீரென்று நிறுத்தினார்களே, மறுபடியும் நிறுத்தினால்? அந்தப் பயத்தில்தான் பலர் கிடைக்கும்போதே வாங்கிவிடுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அப்போது நின்றது பணிக்காலச் சரண்டர்தான். கணக்கில் இருந்த நாள் அழியவில்லை, ஓய்வு நாள் தொகையும் ரத்தாகவில்லை. அடிபட்டவர்கள் 240ல் முட்டி நின்றவர்கள். எனவே பயத்தின் அளவு இருப்பைப் பொறுத்தது. 200க்கு மேல் இருப்பவர் இந்த ஆண்டுச் சரண்டரை அடுத்த ஆண்டுக்கு விட வேண்டாம். 120ல் இருப்பவருக்கு அவசரமில்லை. பணியில் இருக்கும்போதே இறந்தால் இருப்பு நாளுக்கான தொகை குடும்பத்துக்குப் போகும் என்பதால், சேர்த்து வைப்பது அந்த வகையிலும் வீணில்லை.

எங்கே கெடுகிறது

கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் பணம் தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் பணிப்பதிவேடுதான். இடமாறுதலில் போன ஆண்டுகளுக்கு ஜூலை வரவு எழுதாமல் விட்டிருப்பார்கள். சரண்டர் பணம் வழங்கியிருப்பார்கள், பற்று எழுதியிருக்க மாட்டார்கள். பத்தாண்டு கழித்துத் தணிக்கையில் கண்டுபிடித்துப் பிடித்தம் வரும். கருவூல மென்பொருளில் ஒரு இருப்பு, பணிப்பதிவேட்டில் வேறு இருப்பு என்பது சர்வசாதாரணம். சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அடுத்த அரையாண்டு வரவில் குறைய வேண்டும். அதை விட்டுவிட்டாலும் பின்னால் உங்கள் தலையில்தான் விடியும்.

எனவே விண்ணப்பத்துக்கு முன் பணிப்பதிவேட்டின் விடுப்புக் கணக்குப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அரசு ஊழியருக்கான களஞ்சியம் செயலியில் காட்டும் இருப்போடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் பணிப்பதிவேட்டைச் சரிசெய்து அலுவலகத் தலைவரிடம் கையொப்பம் வாங்கிய பிறகே விண்ணப்பம். பணம் வரவான அதே வாரத்தில் பற்று எழுதியாயிற்றா என்று இன்னொரு முறை பாருங்கள். பிரிவு எழுத்தருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டாலும் தவறில்லை. அவர் மேசையில் உங்களைப் போல நாற்பது பேர்.

கடைசி ஆண்டுக்காரர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. இருப்பு 240ஆக இருக்கும்போது ஓய்வுக்கு முந்தைய சரண்டரைச் செய்தால் 225 ஆகிவிடும். மீண்டும் 240ஐ எட்ட 15 நாள் வரவு வேண்டும். கடைசி அரையாண்டில் முழு 15 கிடைக்காது. முடித்த மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம்தான். செப்டம்பர் கடைசியில் ஓய்வு பெறுபவருக்கு ஜூலை தொடங்கிக் கிடைப்பது ஏழரை நாள். அவர் கடைசிச் சரண்டரை அதற்கு முந்தைய டிசம்பருக்குள் முடித்துவிட்டால் ஜனவரி வரவான 15 நாள் குழியை நிரப்பிவிடும். அந்த ஆண்டு ஜூலையில் செய்தால் ஏழரை நாள் குறைவாகத்தான் வெளியே வருவார்.